திரும்பும் தேதி

அதியன்னூரில், ஆறாலுமூட்டிலிருந்து உள்ளே பிரியும் சாலையோர வீடொன்றில், 2024 பிப்ரவரி மாதம் முழுவதும் இரண்டு படிவங்கள் உணவு மேசையின்மேல் கிடந்தன. ஒன்றின் பெயர் டிஎஸ்-117. அமெரிக்காவில் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர், அயல்நாட்டில் எதிர்பாராமல் தங்க நேர்ந்து ஓராண்டைக் கடந்துவிட்டால், 'திரும்பி வரும் குடியிருப்பாளர்' என்னும் தகுதியை வேண்டித் தூதரகத்தில் அளிக்கவேண்டிய விண்ணப்பம் அது. மற்றொன்றின் பெயர் ஐ-407. அந்த உரிமையைத் தாமாகவே விட்டுவிடுவதாக எழுதிக்கொடுக்கும் படிவம். இரண்டில் ஒன்றை நிரப்பவேண்டியிருந்தவர் எழுபத்திரண்டு வயதான ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஊரார் அவரை டீச்சர் என்றே அழைப்பர்.

டீச்சரின் ஒரே மகள் ஹூஸ்டனில் செவிலியர். மகள் குடியுரிமை பெற்றபின் தாய்க்காக விண்ணப்பித்தார். இருபத்தொரு வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்களின் பெற்றோருக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு இல்லையாதலால், சகோதரர்களுக்கு ஆவதுபோல் பல்லாண்டு காத்திருக்க நேரவில்லை. கணவர் மறைந்த இரண்டாம் ஆண்டில், 2018இல், டீச்சர் கிரீன் கார்டுடன் ஹூஸ்டன் சென்றார். பேரக்குழந்தைகள் இருவரையும் அவரே வளர்த்தார் எனலாம். மாலைவேளைகளில் அவர்களுக்குத் தமிழ் எழுத்துகளைக் கற்பித்தார். அதியன்னூரில் அவருக்கு அப்படிக் கற்பித்தவர் அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இக்கதையைச் சொல்ல இயலாது. டீச்சரைவிட எட்டு வயது மூத்தவர், மணம் செய்துகொள்ளாதவர், தாய் இளமையில் இறந்தபின் தங்கையை வளர்த்துப் படிக்கவைத்தவர். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்–கொச்சியின் தென்பகுதி பிரிக்கப்பட்டபோது அவருக்கு வயது பதின்மூன்று. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்துடன் இணைக்கக் கோரிய ஒன்பது வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை வட்டத்தின் ஒரு பகுதி திருநெல்வேலியுடன் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. தாய்மாமன் வீடு மார்த்தாண்டத்துக்கு அருகில். முந்தைய நாள்வரை ஒரே மாநிலத்தின் இரண்டு ஊர்களாக இருந்தவை மறுநாள் இரு மாநிலங்களில் இருந்தன. வீட்டைவிட்டு ஓரடி வைக்காமலே அக்கா எல்லைப்புறத்தவரானார்.

ஆயினும் அந்த எல்லை மனிதரைத் தடுத்ததில்லை. அமரவிளையில் சரக்கு வண்டிகளைச் சோதித்தார்கள். களியக்காவிளைக்குப் பேருந்தில் போகிறவர்களை எங்கே போகிறீர், எப்போது திரும்புவீர் என்று எவரும் கேட்டதில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும், கல்யாணமும் சாவடியந்திரமும் முன்போலவே நடந்தன. 2020இல் பெருந்தொற்று பரவியபோதுதான் எல்லையைக் கடக்க முதன்முறையாக இணையவழி அனுமதிச்சீட்டு தேவைப்பட்டது. அந்த ஆண்டில் மாமன் மகள் இறந்தபோது அக்காவால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. ஹூஸ்டனிலிருந்து தொலைபேசியில் பேசிய தங்கையிடம் அக்கா இதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். தனிமையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

2023 ஜனவரியில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் செயலிழந்தது, பேச்சும் குழறிற்று. டீச்சர் மூன்று மாதத்தில் திரும்புவதாகச் சொல்லி, திரும்பும் பயணச்சீட்டுடன் வந்தார். மூன்று மாதம் ஆறாயிற்று, ஆறு ஒன்பதாயிற்று.

இந்த மாதக் கணக்கில்தான் பலரும் தடுமாறுகின்றனர். அமெரிக்கச் சட்டத்தில் ஆறு மாதம், ஓராண்டு, ஈராண்டு என மூன்று எல்லைகள் அடிக்கடி பேசப்படுகின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு உரியது. நூற்றெண்பது நாளுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தவர், திரும்பும்போது புதிதாக அனுமதி கோருபவர்போல விசாரிக்கப்படலாம். ஆறு மாதத்தைத் தாண்டினால், பிற்காலத்தில் குடியுரிமை கேட்கும்போது, தொடர்ச்சியாக வசித்ததை மெய்ப்பிக்கும் சுமை விண்ணப்பிப்பவர்மேல் விழும். ஓராண்டு நிறைந்துவிட்டால் கிரீன் கார்டு நாட்டுக்குள் நுழைவதற்கான ஆவணமாகச் செல்லாது. ஓராண்டுக்கு மேல் தங்க நேரும் என்று முன்பே தெரிந்தவர் 'ரீ-என்ட்ரி பெர்மிட்' எனப்படும் மறுநுழைவு அனுமதியைப் பெறவேண்டும். அது பெரும்பாலும் ஈராண்டு செல்லும். அதற்குரிய ஐ-131 விண்ணப்பத்தை அளிக்கும் நாளில் விண்ணப்பிப்பவர் அமெரிக்க மண்ணில் இருந்தாகவேண்டும். அதியன்னூரிலிருந்து அனுப்ப இயலாது. மூன்று மாதத்துக்கென்று புறப்பட்டவர் அதை ஏன் பெறப்போகிறார்?

அட்டை காலாவதியாவது இவை எல்லாவற்றிலிருந்தும் வேறானது. கிரீன் கார்டில் பத்தாண்டுக்கான தேதி அச்சிடப்பட்டிருக்கும். அது முடிந்தால் ஐ-90 படிவத்தின்வழிப் புதுப்பித்துக்கொள்ளலாம். தேதி முடிந்ததனால் மட்டும் உரிமை போய்விடாது. மாறாக, அட்டையில் இன்னும் பல ஆண்டுகள் எஞ்சியிருக்கும்போதே உரிமை போய்விடலாம். டீச்சரின் அட்டை 2028 வரை செல்லும். பக்கத்து வீட்டாரிடம் அதைக் காட்டியபோது, "இன்னும் நாலு வருஷம் கெடக்கே டீச்சர், பின்ன என்னத்துக்குப் பேடிக்கணும்?" என்றார்கள்.

மகள் ஒரு வழி கண்டார். ஓராண்டு நிறைவதற்குள், டிசம்பரில், டீச்சர் ஹூஸ்டன் வரவேண்டும். வந்தவுடன் ஐ-131 அளிக்கவேண்டும். கைரேகைப் பதிவு முடியும்வரை சில வாரம் தங்கி, பின் அக்காவிடம் திரும்பலாம். அனுமதி கிடைத்தால் ஈராண்டு நிம்மதி. இது சட்டத்துக்கு முற்றிலும் உட்பட்ட வழி. வீட்டோடு தங்கி அக்காவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணி அமர்த்தப்பட்டார். டிசம்பர் 9ஆம் தேதிக்குப் பயணச்சீட்டும் எடுக்கப்பட்டது. டிசம்பர் 4 அன்று இரவு அக்காவுக்கு மூச்சுத்திணறல். நிமோனியா என்றார்கள். பத்தொன்பது நாள் மருத்துவமனையில். பயணச்சீட்டு ரத்தாயிற்று. ஜனவரியில் ஓராண்டு முடிந்தது.

அப்போதும் ஊரில் யோசனைகளுக்குக் குறைவில்லை. எப்படியாவது உள்ளே போய்விட்டால், பிறகு ஆண்டுக்கொரு முறை போய் இரண்டு வாரம் தங்கி வந்தால் போதும் என்றனர் சிலர். "ஒருக்கப் போய் தலையக் காட்டீட்டு வந்தா போரும்." அமெரிக்காவில் பிள்ளைகளை உடைய பெற்றோர் பலரும் நம்புவது இதைத்தான். 1975இல் அந்நாட்டுக் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பளித்த கேன் என்பவரின் வழக்கு இந்த நம்பிக்கைக்கு நேர் எதிரானது. ஜமைக்காவைச் சேர்ந்த அப்பெண்மணி ஆண்டில் பதினொரு மாதம் தம் ஊரில் தங்கும் விடுதி நடத்திவிட்டு ஒரு மாதம் அமெரிக்கா வந்து சென்றார். ஒருமுறைகூட ஓராண்டைத் தாண்டவில்லை. ஆயினும் அவர் தம் உரிமையைக் கைவிட்டவர் என்றே வாரியம் கொண்டது. எத்தனை நாள் என்பது மட்டுமன்று, எந்த ஊரை வீடாகக் கருதி வாழ்கிறார் என்பதே கேள்வி.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னர் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வேறொரு திசையிலிருந்து இதே கேள்வியை அணுகியிருந்தது. ஃபுளூட்டி என்னும் சுவிட்சர்லாந்துக்காரர், அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருந்தவர், 1956 ஆகஸ்டில் மெக்சிகோவின் என்செனாடா நகருக்கு ஓரிரு மணி நேரம் போய்வந்தார். அந்தப் போக்குவரவையே புதிய நுழைவாகக் கொண்டு அவரை வெளியேற்ற அரசு முயன்றது. 1963இல் நீதிமன்றம், கள்ளமற்ற, தற்செயலான, சிறு பயணத்தை நாட்டைவிட்டுப் புறப்பட்டதாகவே கொள்ளலாகாது என்றது. பிற்காலத்தில், 1996ஆம் ஆண்டுச் சட்டம், நூற்றெண்பது நாள் முதலிய திட்டமான அளவுகோல்களை அதன் இடத்தில் வைத்தது. ஃபுளூட்டி எல்லை கடந்த அதே 1956இல்தான் களியக்காவிளையில் புதிய எல்லை வந்தது. அங்கே ஓரிரு மணிப் பயணம் ஏழாண்டு வழக்கானது. இங்கே அக்கா அறுபது ஆண்டுக்கும் மேலாக மாநிலம் விட்டு மாநிலம் போய் மீன் வாங்கி வந்தார். அவரை எவரும் பதிவுசெய்யவில்லை. உள்நாட்டு எல்லையும் பன்னாட்டு எல்லையும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆனால் போவதும் வருவதும் வாழ்வின் இயல்பு என்று பழகிய ஒரு குடும்பத்துக்கு, போனதன் நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்பதே விளங்காத செய்தியாயிருந்தது.

நோக்கத்தை எப்படி அளப்பது? ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1986இல் தந்த விளக்கம் இன்றும் எடுத்தாளப்படுகிறது. அயல்நாட்டுப் பயணம் தற்காலிகமானது எனக் கொள்ளப்பட, ஒன்று, அது குறுகிய கால அளவுக்கு வரையறுக்கப்பட்டதாய் இருக்கவேண்டும். அல்லது, குறுகிய காலத்துக்குள் நிகழக்கூடிய ஒரு நிகழ்வோடு அது முடிவதாய் இருக்கவேண்டும். படிப்பு முடிதல், வீடு விற்றல், அறுவை சிகிச்சைக்குப்பின் தேறுதல் போன்றவை அத்தகைய நிகழ்வுகள். வரித் தாக்கல், வங்கிக் கணக்கு, அங்குள்ள குடும்பம் ஆகியவையும் நோக்கத்துக்குச் சான்றாகப் பார்க்கப்படும்.

மகள் இவை அனைத்தையும் படித்துத் தேர்ந்தார். ஆண்டுதோறும் வரித் தாக்கல் செய்யப்பட்டிருந்தது. ஹூஸ்டன் வீட்டில் தாயின் அறை அப்படியே இருந்தது. மருத்துவமனைத் தாள்களும் ரத்தான பயணச்சீட்டும் கையில் இருந்தன. தம் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் தங்க நேர்ந்தது என்று டிஎஸ்-117இல் மெய்ப்பிக்க இவை உதவக்கூடும். ஒன்று மட்டுமே குறைந்தது. அந்த விண்ணப்பம், பெயருக்கேற்ப, திரும்பி வருகிறவருக்கு உரியது. டீச்சரால் இப்போது திரும்ப இயலாது. அப்படியானால் சிறிது காத்திருக்கலாம், பெரியம்மையின் காரியம் முடிந்தபின் விண்ணப்பிக்கலாம் என்றார் மகள். காணொளி அழைப்பில், மிகத் தயங்கி, வேறு சொற்களில்தான் அதைச் சொன்னார்.

டீச்சர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "மக்களே, ஒனக்க பெரியம்மை எப்பம் சாவாண்ணு நான் கணக்குப் பாத்துட்டு இருக்கணுமா?"

மகளின் பிழை இதில் ஏதுமில்லை. அவர் சொன்னது சட்டம் கேட்டதையே. சட்டமும் கொடுமையானதன்று, அயலில் வாழ்ந்துகொண்டே உரிமையை மட்டும் பெட்டியில் பூட்டிவைப்பவரிடமிருந்து, உண்மையில் திரும்ப எண்ணுபவரைப் பிரித்தறிய ஏதேனும் ஓர் அளவை வேண்டும். பயணத்துக்கு ஒரு முடிவைக் கேட்பது நியாயமான அளவை. முதியவரைப் பராமரிப்பதற்கு மட்டும் அது பொருந்துவதில்லை. நோய் தேறும் என்றால் அதற்கொரு காலக்கணக்கு உண்டு. தேறாது என்றால் அந்தப் பராமரிப்பின் முடிவு ஒன்றே. அம்முடிவை 'குறுகிய காலத்துக்குள் நிகழக்கூடிய நிகழ்வு' என்று காட்டுகிறவர் தம் உரிமையைக் காக்கிறார். இன்னும் பல்லாண்டு வாழட்டும் என்று வேண்டிக்கொள்கிறவர், அந்த வேண்டுதலாலேயே தம் பயணம் தற்காலிகமன்று என்பதற்குச் சான்றளிக்கிறார்.

வேறு நாடுகளின் சட்டங்களோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். கனடா ஐந்தாண்டில் 730 நாள் நாட்டுக்குள் இருக்கச் சொல்கிறது. எஞ்சிய மூன்றாண்டு எங்கிருந்தீர், ஏன் இருந்தீர் என்பது அதன் கவலையன்று. கணக்கில் குறைந்தாலும் மனிதாபிமானக் காரணங்களைக் கருதிப் பார்க்க இடமுண்டு. பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, பொதுவாகத் தொடர்ந்து ஈராண்டு வெளியே இருந்தால் அற்றுப்போகும். ஆஸ்திரேலியாவில் குடியிருப்பு உரிமை ஒன்று, வெளியே சென்று திரும்பும் வசதி மற்றொன்று. பின்னது ஐந்தாண்டுக்கு ஒருமுறை முடியும். நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு அறிந்த வளைகுடாக் கணக்கோ ஆறு மாதம். அங்கே தொழிலாளிக்கு நிரந்தரம் என்னும் சொல்லே வழங்கப்படவில்லையாதலால் இழப்பதற்கும் அது இல்லை. நாள்களை எண்ணும் சட்டம் மனத்துக்குள் நுழைவதில்லை. டீச்சர் கனடாவில் குடியிருந்திருந்தால், அக்காவோடு மூன்றாண்டு இருந்துவிட்டு எவருக்கும் எதையும் விளக்காமல் திரும்பியிருக்கலாம். மனத்தை ஆராயும் சட்டம் ஓராண்டைத் தாண்டியவர்க்கும் கதவைத் திறந்துவைக்கிறது. ஆனால் வாசலில் நின்று மனத்தைத் திறந்துகாட்டச் சொல்கிறது. எது கருணை மிக்கது என்பதை எளிதில் சொல்லிவிட முடியாது.

மார்ச் முதல் வாரத்தில் டீச்சர் ஐ-407ஐக் கையில் எடுத்தார். ஆங்கிலத்தில் அப்படிவம் பயன்படுத்தும் சொல்லுக்குத் தமிழில் நேர்ச்சொல் 'கைவிடுதல்'. முப்பத்தோராண்டு பள்ளியில் மொழி கற்பித்தவருக்கு அச்சொல் நெருடிற்று. கைவிடுதல் என்பது தம்மை நம்பியிருப்பவரை விட்டுப்போவது. ஹூஸ்டனில் இரண்டு குழந்தைகள் அவரை நம்பியிருந்தனர். இங்கே அக்கா நம்பியிருந்தார். எதைச் செய்தாலும் ஒரு பக்கம் அச்சொல் பொருந்தும்போல் இருந்தது. 'ஒப்படைத்தல்' என்று மனத்துக்குள் மாற்றிக்கொள்ளலாமே என்றார் மகள். "நீ சொன்னா போருமா? தாளில கெடக்கது அந்த வாக்குதானே" என்றார் டீச்சர். ஆனாலும் கையெழுத்திட்டார். எவரும் வற்புறுத்தவில்லை. உரிமையைக் கைவிட்டதாக ஒப்புக்கொள்ள மறுத்துக் குடிவரவு நீதிபதியின் முன் வாதாடும் வாய்ப்பு, எல்லைவரை சென்று சேர்பவர்க்கு உண்டு. அதுவும் அவருக்குத் தெரியும். எல்லைவரை செல்ல அக்காவை விட்டுப் புறப்படவேண்டும்.

இழப்பு முழுமையானதன்று என்பதையும் சொல்லவேண்டும். கிரீன் கார்டை ஒப்படைத்தவர் வருகையாளர் விசா கேட்கலாம். சில வாரம் போய்ப் பேரக்குழந்தைகளைப் பார்த்து வரலாம். மகள் விரும்பினால் பின்னொரு நாள் தாய்க்காக மீண்டும் முதலிலிருந்து விண்ணப்பிக்கவும் தடையில்லை. ஆனால் எழுபத்திரண்டில் விட்டதை எழுபத்தெட்டிலோ எண்பதிலோ மீண்டும் தொடங்குவது என்பது சட்டத்தில் எளிது, உடம்பில் எளிதன்று. அன்றிரவு காணொளியில் இளைய பேத்தி, பாட்டியின் அறையை இனி யாருக்குக் கொடுப்பது என்று கேட்டாள். அப்போதுதான் டீச்சர் அழுதார்.

கடல் கடந்து படிக்கவும் பணியாற்றவும் செல்லும் இளைஞர் பலர் இன்று தம் பெற்றோரையும் நிரந்தரக் குடியிருப்பாளர்களாக்குகின்றனர். அன்பினால் செய்வதுதான். விண்ணப்பிக்கும் முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அந்தப் பெற்றோரை நம்பி ஊரில் வேறு எவர் இருக்கிறார்? அப்படி ஒருவர் இருந்தால், ஊருக்குப் புறப்படுவது மூன்று மாதத்துக்கே ஆனாலும், விமானம் ஏறும் முன் மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது. ஆய்வுலகுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையம் 1998இல் தொடங்கிய கேரளப் புலம்பெயர்வு ஆய்வுகளில் சென்றவர், திரும்பியவர் என்னும் பாகுபாடுகள் உண்டு. டீச்சரைத் திரும்பியவர் என்னும் கட்டத்தில் இடலாம். அவர் திரும்பவில்லை, அங்கே போக முடியாமல் நின்றார். திரும்பியதற்கும் நின்றதற்கும் இடையிலான வேறுபாட்டை, அவரைப் போன்றோரிடம் அமர்ந்து கேட்டால்தான் அறியமுடியும்.

அக்காவுக்கு இப்போது பேச்சு ஓரளவு மீண்டிருக்கிறது. படிவங்களைப் பற்றி அவரிடம் எவரும் சொல்லவில்லை. தங்கை வந்த நாளிலிருந்து காலைதோறும் கஞ்சி குடிக்கும்போது, "நீ எப்பம் போவ?" என்று கேட்பது வழக்கம். அடுத்த மாதம் என்றோ, விடுமுறைக்குப்பின் என்றோ டீச்சர் ஏதேனும் சொல்லிவைப்பார். நெய்யாற்றின்கரை அஞ்சலகத்தில் ஐ-407ஐ அனுப்பிவிட்டு வந்த மறுநாளும் அக்கா கேட்டார். டீச்சர் கரண்டியால் கஞ்சியை ஆற்றியபடி, "போவல்ல அக்கா, குடி" என்றார்.